மோட்டார் வண்டியின் முன்னாசனம்

பழைய மோட்டார் வண்டி ஒன்றை விலைபேசப் புகும் ஒருவர் முதலில் யந்திரத்தை முடுக்கி அதன் ஒலியைக் கேட்பார். பின்னர்ச் சக்கரங்களின் தேய்வைப் பார்ப்பார். அதன்பின் வர்ணத்தின் பளபளப்பைத் தடவிப் பார்ப்பார். ஆசனத்தைப் பற்றியோவெனில், ஒருமுறை அமர்ந்து, "மெத்தென்றிருக்கிறது" என்றோ "குத்துகிறது" என்றோ ஒரு சொல் சொல்லி விட்டுவிடுவார். ஆசனம் சுகத்துக்காக ஏற்பட்டது என்பதே பொதுவாக நிலவும் எண்ணம். அது வண்டியோட்டுபவரின் உயிர்க்காவலுக்கும் உரியது என்பதையும், பழுதுற்ற முன்னாசனத்தைக் கழற்றிச் செப்பனிடும் முறை இன்னதென்பதையும் சுருங்க விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

கோவிற்பட்டிக்கும் மணியாச்சிக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டியுள்ள கடம்பூரிலும், அதனைச் சூழ்ந்த கரிசற் சீமையிலும், பழைய வண்டி என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பது அம்பாசிடர் வண்டியேயாம். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மூன்றாம் வரிசையை முன்மாதிரியாகக் கொண்டு, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் 1957-ஆம் ஆண்டு முதல் அதனைச் செய்து வந்தனர். 2014-ஆம் ஆண்டில் அவ்வுற்பத்தி நின்றது. எனினும், தந்தையார் வாங்கிய வண்டியென்று போற்றி வைத்திருப்போரும், கலியாண ஊர்வலத்துக்கென்று துடைத்து வைத்திருப்போரும் ஆங்காங்கு உளர். தொழிற்சாலையிலிருந்து புதிய ஆசனம் வருவித்துப் பொருத்தும் வழி இன்று இல்லை. ஆதலின், உள்ளதைச் செப்பனிட்டுக் கொள்ளும் அறிவு இவர்களுக்கு இன்றியமையாததாகின்றது.

அம்பாசிடரின் முன்னாசனம் பெரும்பாலும் ஒரே நீண்ட பலகையாசனமாக அமைந்தது. வேகம் மாற்றும் கைப்பிடி தரையிலிருந்து எழாமல் திருப்புவட்டத்தின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தமையால், நடுவில் தடையின்றி மூவர் அமர இடம் கிடைத்தது. பிற்காலத்தில் கைப்பிடி தரைக்கு இறங்கியபோது, தனித்தனியான இரண்டு ஆசனங்களும் வழக்கிற்கு வந்தன. எவ்வகையாயினும், ஆசனத்தின் அடியில் இருபுறமும் தண்டவாளம் போன்ற இரண்டு இரும்புச் சட்டங்கள் உண்டு. இவற்றை ஓடுசட்டங்கள் என்று சொல்லலாம். இவை போல்ட்டுகளால் தரைத்தகட்டுடன் இறுக்கப்பட்டிருக்கும். நெட்டையர் ஆசனத்தைப் பின்னுக்குத் தள்ளவும் குட்டையர் முன்னுக்கு இழுக்கவும் இவையே உதவும். அவரவர் விரும்பிய இடத்தில் ஆசனத்தை நிறுத்துவது, சட்டத்திலுள்ள பற்களின் இடையில் விழுந்து கவ்விக்கொள்ளும் சிறியதோர் இரும்பு நாக்கு. அதன் நீளம் நம் சுண்டுவிரலின் ஒரு கணு அளவேயாயினும், அதன் பொறுப்பு மிகப் பெரிது.

அப்பொறுப்பு யாதென ஆராய்வோம். 1687-ஆம் ஆண்டில் நியூட்டன் வெளியிட்ட இயக்க விதிகளுள் மூன்றாவதைப் பௌதிக வகுப்பில் யாவரும் படித்திருக்கிறோம். ஒரு பொருளை நாம் எவ்வளவு விசையுடன் தள்ளுகிறோமோ, அவ்வளவு விசையுடன் அப்பொருளும் நம்மைத் திருப்பித் தள்ளும் என்பது அதன் கருத்து. தொடக்ககால அம்பாசிடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் வகைப் பிரேக்குகளே இருந்தன. காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் துணைக்கருவி அவற்றில் இல்லை. ஆகவே, குறுக்கே ஓர் ஆடு ஓடிவரின், ஓட்டுபவர் 40 அல்லது 50 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் மிதியை அழுத்த நேரிடும். மிதி அதே விசையுடன் அவரைப் பின்னுக்குத் தள்ளும். அவ்விசையைத் தாங்குவது எது? அவருடைய முதுகு ஆசனத்தின் சாய்வில் ஊன்றுகின்றது. சாய்வு ஓடுசட்டத்தில் ஊன்றுகின்றது. ஓடுசட்டத்தைப் பிடித்திருப்பது அச்சிறிய நாக்கும் சில போல்ட்டுகளுமே. நாக்கு தேய்ந்து நழுவினால் ஆசனம் பின்னுக்கு ஓடும். கால் மிதியை எட்டாது. பிரேக்கு எவ்வளவு செம்மையாக இருந்தும் பயன்படாமற் போகும். அன்றியும், மெல்ல ஓட்டுங்கால் இக்குறை புலப்படாது. முழுவலியுடன் மிதிக்கும் அந்த ஒரு கணத்தில்தான் அது வெளிப்படும். பிரேக்கைச் சோதிப்பவர் ஆசனத்தையும் சோதிக்க வேண்டும் என்று கூறுவது இதனாலேயாம்.

பின்னாலிருந்து மற்றொரு வண்டி மோதுங்காலும் ஆசனத்தின் வலிமை சோதிக்கப்படுகின்றது. அப்போது வண்டி முன்னுக்குத் தள்ளப்படுவதால், அமர்ந்திருப்போரின் உடல் சாய்வின்மீது அழுந்தும். புவியீர்ப்பைப்போல் பத்து மடங்கான அதிர்ச்சி ஏற்படுமாயின், 60 கிலோ எடையுள்ள ஒருவர் சாய்வை 600 கிலோ எடையின் விசையுடன் அழுத்துவார். பலகையாசனத்தில் மூவர் இருப்பின் அது 1,800 கிலோவாகும். துருவேறிய தகட்டில் தொற்றிக்கொண்டிருக்கும் ஆணிகள் இதனைத் தாங்குமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, நம் சீமையின் மண்ணும் வெயிலும் ஆசனத்தை எவ்வாறு கெடுக்கின்றன என்பதைக் காண்போம். கரிசல் மண்ணிலுள்ள களி, நீரை உறிஞ்சி வீங்கும். உலர்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். இவ்வாறு ஆண்டுதோறும் வீங்கியும் சுருங்கியும் வரும் நிலத்தின்மேல் இட்ட பாதைகள் மேடும் பள்ளமுமாதல் இயல்பு. பள்ளத்தில் விழுந்தெழுந்து செல்லும் வண்டியின் ஆசனச் சுருள்வில்கள் ஓயாது அமுங்கி எழுந்து, நாளடைவில் களைத்துத் தம் உயரத்தை இழக்கின்றன. கோடையில் எழும் நுண்ணிய தூசி ஓடுசட்டங்களின் எண்ணெய்ப் பசையோடு கலந்து, சாணைப்பொடி போலாகிப் பற்களைத் தேய்க்கின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காலில் அப்பிய களி தரைவிரிப்பில் தங்கி, ஈரத்தை விடாது பிடித்துக்கொள்கின்றது. விரிப்புக்கு அடியிலுள்ள தகட்டில் துரு பிடிப்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கதவடைத்து வெயிலில் நிறுத்திய வண்டியின் மேலுறையோ, தன் நெகிழ்ச்சியை இழந்து, தையலோரங்களில் கிழிகின்றது. எலிகள் பஞ்சைப் பறித்துக் கூடு கட்டுவதும் உண்டு.

நிற்க. ஆசனத்தைக் கழற்றும் முறையைக் கூறுவாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் அடை கொடுத்து, மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பின்னர் ஆசனத்தைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளினால் ஓடுசட்டங்களின் முன்முனையிலுள்ள போல்ட்டுகள் வெளிப்படும். முன்னுக்கு இழுத்தால் பின்முனையிலுள்ளவை வெளிப்படும். ஒருபுறத்துப் போல்ட்டுகளை முழுவதும் கழற்றிவிட்டு மறுபுறத்துக்குச் செல்லுதல் தகாது. ஆசனம் கோணிக்கொண்டு எஞ்சியவற்றை நெரிக்கும். எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்திய பின்னரே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

துருப்பிடித்து அசையாத போல்ட்டை வலிந்து திருகினால் அதன் தலை முறியும். முதல் நாள் மாலையிலேயே கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை இட்டு, இரவு முழுவதும் ஊறவிடுவது நலம். மறுநாள் ஸ்பானரை முதலில் இறுக்கும் பக்கமாகச் சற்றே அசைத்து, பிறகு தளர்த்தும் பக்கமாகத் திருப்பினால், துருவின் கட்டு பெரும்பாலும் விட்டுப்போகும். நெருப்பினால் சூடேற்றுதல் இங்கு ஆகாது. மேலே பஞ்சும் நாரும், தரைக்குக் கீழே பின்னிருந்து முன்செல்லும் பெட்ரோல் குழாயும் உண்டென்பதை மறத்தலாகாது. எந்தப் போல்ட்டு எந்த இடத்துக்குரியது, அதன் கீழ் எத்தனை வாஷர்கள் இருந்தன என்பவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் ஆசனத்தைச் சற்றுச் சாய்த்து வைப்பதற்கென்றே தகட்டுத் துண்டுகள் இடப்பட்டிருக்கும். பலகையாசனம் கனமானது, இருவர் இருபுறமும் நின்று, சாய்வைச் சற்று மடக்கி, கதவு வழியே வெளியே எடுத்தல் வேண்டும்.

வெளியே எடுத்த ஆசனத்தை நிழலில் கவிழ்த்து வைத்து, மேலுறையின் ஓரங்களைப் பிடித்திருக்கும் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக விடுவித்தால், உள்ளமைப்பு அடுக்கடுக்காகத் தோன்றும். அடியில் இரும்புச் சட்டகம், அதன்மேல் சுருள்வில்கள், வில்களின்மேல் சாக்குத்துணி, சாக்கின்மேல் தென்னைநார், நாரின்மேல் பஞ்சு, எல்லாவற்றையும் மூடிய ரெக்ஸின் உறை. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை உண்டு. வில் அதிர்ச்சியை வாங்குகின்றது. சாக்கு, நார் வில்லிடையே விழாதபடி தடுக்கின்றது. நார், வில்லின் முனை உடலில் குத்தாதவாறு பாரத்தைப் பரப்புகின்றது. பஞ்சு மென்மையைத் தருகின்றது. உறை யாவற்றையும் இறுக்கிக் காக்கின்றது.

இவ்வடுக்குகளில் நம் தென்னாட்டின் விளைபொருள்கள் பல ஒருங்கே கூடியிருத்தல் கவனிக்கத்தக்கது. தென்னைநாரில் லிக்னின் என்னும் மரச்சத்து மிகுதியாதலின், வியர்வையாலும் ஈரத்தாலும் அது எளிதில் அழுகுவதில்லை. பஞ்சோ கரிசல் நிலத்தின் பழஞ்செல்வம். கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தி இங்கு வழிவழியாக விளைந்தது. கோவிற்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே விவசாய ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. இலவம்பஞ்சு மிக இலேசானது, நீரை ஏற்காதது. ஆயினும் இடைவிடாத பாரத்தால் நொறுங்கிப் பொடியாகும். ஆதலின், அதனைச் சாய்வில் இடலாமேயன்றி அமரும் மெத்தையில் இடுதல் தகாது.

செப்பனிடுங்கால் பலர் மேலிருந்து தொடங்குகின்றனர்; அதாவது, உறை கிழிந்ததென்று புதிய உறை தைத்துப் போர்த்துவதோடு அமைகின்றனர். முறையோ அடியிலிருந்து தொடங்குவதாம். முதலில், வண்டியின் தரைத்தகட்டை நோக்குக. அம்பாசிடருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகட்டுடலே வண்டியின் முழுப் பாரத்தையும் தாங்குகின்றது. ஆதலின், போல்ட்டுத் துளையைச் சுற்றிய தகடு அரித்துப் போயிருப்பின், பெரிய வாஷர் ஒன்றை வைத்து மறைப்பது செப்பனிடுதல் ஆகாது. அரித்த பகுதியை வெட்டியெடுத்து, தக்க கனமுள்ள புதிய எஃகுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். அதற்குமுன், தரைவிரிப்பை முழுவதும் அகற்றி, பெட்ரோல் குழாயும் பிரேக்குக் குழாயும் செல்லும் வழியைக் கண்டறிந்து காத்தல் அவசியம். இவ்வேலையைத் தேர்ந்த பட்டறைக்காரரிடம் விடுவதே அறிவுடைமை.

அடுத்தது ஓடுசட்டம். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின் பற்களை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பற்களின் விளிம்பு கூராக நின்றால் நலம். உருண்டு தேய்ந்திருப்பின் சட்டத்தையே மாற்ற வேண்டும். நாக்கை இழுத்துப் பிடிக்கும் சிறுவில் தளர்ந்திருப்பின், குறைந்த செலவில் புதியது இடலாம். பலகையாசனத்தில் ஒருபுறத்து நாக்கு விழுந்து மறுபுறத்து நாக்கு விழாதிருத்தலும் நேரும். அப்போது ஆசனம் கோணலாக நகர முயலும். இருபுறமும் ஒரே நேரத்தில் விழுகின்றனவா என்று பார்த்தல் வேண்டும். சட்டகத்தில் வெடிப்பு இருப்பின், மெத்தை முழுவதையும் அகற்றிய பின்னரே பற்றவைக்க வேண்டும். பின்னர்த் துருவைச் சுரண்டி, செங்காவி நிறமான ரெட் ஆக்ஸைடு பூச்சை இட்டு உலர்த்த வேண்டும்.

சுருள்வில்களுள் ஒன்று ஒடிந்தால் அதனை மட்டும் மாற்றலாம். பல வில்கள் தாழ்ந்திருப்பின், எல்லாவற்றையும் ஒருசேர மாற்றுவதே முறை. உயர்ந்த புதுவில் ஒன்று தாழ்ந்த பழவில்களின் நடுவே நின்றால் பாரமெல்லாம் அதன் தலையில் விழும். வில்களை ஒன்றோடொன்று உறுதியான சணற்கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டவேண்டும். தனித்தனியே நிற்கும் வில்கள் சாயும். கட்டுண்ட வில்களோ பாரத்தைத் தம்முள் பகிர்ந்துகொள்ளும். அதன்மேல் சாக்கை இழுத்துக் கட்டி, கோணி ஊசியால் வில்லின் தலைகளோடு தைத்துவிட வேண்டும்.

நாரும் பஞ்சும் பரப்புதல் கைத்திறம் வேண்டும் வேலை. இதற்குக் கடம்பூர்ப் போளியை உவமை கூறலாம். பூரணம் ஓரிடத்தில் தடித்தும் மற்றோரிடத்தில் மெலிந்தும் இருப்பின், தட்டும்போதே மேல்மாவு கிழிந்துவிடும். மெத்தையும் அவ்வாறே, நிரவல் சரியில்லையேல், மேடான இடத்தில் உறை தேய்ந்து கிழியும். பழைய பஞ்சு கட்டிபட்டிருந்தால் பிரித்து வெயிலில் உலர்த்தி அடித்துப் பயன்படுத்தலாம். எலி கூடு கட்டியதையும் பூஞ்சணம் பிடித்ததையும் எறிந்துவிட வேண்டும். உதறுங்கால் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் நன்று.

பஞ்சுக்குப் பதிலாக நுரைமெத்தை இடுவோர் இக்காலத்தில் பலர். 1929-ஆம் ஆண்டில் டன்லப் கம்பெனியின் ஆராய்ச்சிச்சாலையில் ரப்பர்ப்பாலைக் கடைந்து நுரையாக்கி மெத்தை செய்யக் கண்டனர். அதற்குப் பின்னர் வந்தது பாலியூரிதேன் என்னும் செயற்கை நுரை. அது சீரானது, வேலையும் விரைவில் முடியும். ஆனால், மிக மென்மையான மலிந்த நுரையைத் தேர்ந்தால் சில மாதங்களில் அமுங்கிவிடும். தீப்பற்றின் நச்சுப்புகை எழும் என்பதும் நினைவிலிருத்தற்குரியது. நாரோடு ரப்பர்ப்பால் தெளித்து இறுக்கிய ரப்பர் நார்மெத்தை, காற்றோட்டமுடையதாதலின், நம் நாட்டு வெப்பத்துக்கு ஏற்றது.

மேலுறைக்குப் பழைய உறையைத் தையல் பிரித்து, அதன் துண்டுகளையே அளவாக வைத்துப் புதிய ரெக்ஸினை வெட்ட வேண்டும். தைத்த உறையைப் போர்த்துமுன் சிறிதுநேரம் வெயிலில் விரித்து வைத்தால் அது இளகி, சுருக்கமின்றி இழுபடும். நடுவிலிருந்து இழுத்து முன்னும் பின்னும் பொருத்தி, கடைசியாக மூலைகளை மடக்குவது தொழிலாளர் கையாளும் முறை. கோடையில் ரெக்ஸின் சுடும்; ஆதலின், மேலே வெளுத்த பருத்தித் துண்டை விரிக்கும் பழைய வழக்கம் பொருளற்றதன்று.

ஆசனத்தை மீண்டும் பொருத்துங்கால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பழைய அம்பாசிடரில் அங்குல அளவுள்ள மரைகளே வழங்கின. 5/16 அங்குலப் போல்ட்டின் பருமன் 7.94 மில்லிமீட்டர், ஆதலின், 8 மில்லிமீட்டர்ப் போல்ட்டு அதன் துளையில் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால், மரைகளின் இடைவெளி வேறு. வலிந்து திருகினால் முதலில் இறுகியதுபோல் இருந்து, மரைகளைச் சிதைத்துவிடும்; பாரம் விழுங்கால் பிடுங்கிக்கொள்ளும். உரிய அளவில், உயர்ந்த வலியுள்ள புதிய போல்ட்டுகளையே இடுதல் வேண்டும். எல்லாவற்றையும் கையால் திருகித் தொடங்கி, ஆசனத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, தடையின்றி ஓடினால் மாறிமாறி இறுக்க வேண்டும்.

முடிவாகச் சோதனை. யந்திரத்தை முடுக்காமல், ஓட்டும் இடத்தில் அமர்ந்து, பிரேக்கு மிதியை முழுவலியுடன் பலமுறை மிதிக்க வேண்டும். ஆசனம் ஓர் இழையேனும் நகருமாயின் வேலை முடியவில்லை என்பது பொருள். ஓடுசட்டத்தின் ஒவ்வொரு பல்லிலும் இச்சோதனையைச் செய்தல் வேண்டும். ஏனெனில், ஒருவர் அமரும் இடத்தில் தேய்ந்த பல், மற்றொருவர் அமரும் இடத்தில் தேயாதிருக்கலாம். நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்தலும் அவசியம்.

இந்தியாவில் செய்யப்படும் கார்களின் முன்னாசனங்களுக்கு இடைவார் பொருத்தும் விதி 1994-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்டிகள் பலவற்றில் அது இல்லை. ஆகவே அவற்றில் ஆசனத்தின் உறுதி பின்னும் முக்கியமாகின்றது. இக்காலத்துப் புதிய கார்களிலோ, ஆசனத்தினுள்ளேயே காற்றுப்பை வைக்கப்பட்டிருத்தல் உண்டு. அவற்றை மேற்கூறிய முறையில் கழற்ற முற்படுதல் ஆபத்தாம்; அதற்குரிய பயிற்சி பெற்றவர்களே தொடத்தக்கவர்கள்.

மாணவ நண்பர்காள்! ஏட்டில் படித்த நியூட்டன் விதி, ஓர் ஆசனத்தின் அடியில் கரிபடிந்த சிறு நாக்கிலும் உறைகின்றது. அதனை ஏடறியாத தொழிலாளி தன் விரல்நுனியால் அறிந்திருக்கிறான்; நாம் ஏட்டால் அறிந்திருக்கிறோம். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டிலோ அயலிலோ பழைய வண்டி ஒன்று நிற்குமாயின், அதன் முன்னாசனத்தைப் பிடித்து ஒருமுறை பலமாக அசைத்துப் பாருங்கள். அசையுமாயின், அவ்வண்டியின் சொந்தக்காரரிடம் காரணத்தை எடுத்துச் சொல்லி, அன்றே பட்டறைக்கு அனுப்பச் செய்யுங்கள்.